தம்பி வீட்டுப் பஸ்கா

ஒரு பன் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய் நான் பட்ட பாட்டைச் சொல்லட்டுமா?

பெரிய வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. போலாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ராமச்சந்திராபுரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனேன். கையில் சிலுவை போட்ட பன், ஆறு. தம்பி மனைவி ஹெப்சி கதவைத் திறந்தாள், பாக்கெட்டைப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க மைனி. நாளைக்குப் பஸ்கா. புளிச்ச மாவு எதுவும் ஏழு நாளைக்கு வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

சொல்லிக்கொண்டே பாக்கெட்டை வாங்கி, வெளியே செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தாள். மரியாதையாகத்தான் வைத்தாள்.

உள்ளே போனால், கிச்சனில் ஒரு டப்பா இட்லி மாவு சிங்க்கில் இறங்கிக்கொண்டிருந்தது. அரிசியும் உளுந்தும் கணக்கில் வருமா என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அவர்கள் புதிதாகச் சேர்ந்த சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருக்கிறாள். சந்தேகம் இருந்தால் கொட்டிவிடுங்கள் என்று பதில் வந்ததாம். யூதர்கள் எகிப்தின் அடிமைத்தனத்தை விட்டு, மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பிய ராத்திரியின் பண்டிகைதான் பஸ்கா. அந்த எகிப்தில் உளுந்தை யார் பார்த்தார்கள்?

தம்பி ஜெபசிங்குக்கு இது இரண்டு வருஷமாக. பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி வேலை. போகும்போதும் வரும்போதும் கம்பெனி பஸ்ஸில் ஒரு போதகரின் வீடியோ. ஆண்டவர் ஒரு யூதர், அவர் ஆசரித்த பண்டிகைகளைத்தான் நாமும் ஆசரிக்க வேண்டும், கிறிஸ்மஸும் ஈஸ்டரும் மனுஷர் கட்டிவிட்டவை... இதுதான் சாரம். முதலில் கிறிஸ்மஸ் போயிற்று. வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. போகட்டும், கரண்ட் மிச்சம் என்று நானும் சிரித்துவிட்டு இருந்தேன்.

கிறிஸ்தவர்கள் யூதப் பண்டிகைகளைக் கொண்டாடலாமா? என்னைக் கேட்டால் — தாராளமாக. ஆண்டவர் உட்கார்ந்து சாப்பிட்ட பந்தி அது. அதில் தப்பு காண நான் யார்? ஆனால், தலைமுறை தலைமுறையாக அதை வீட்டுக்குள் காப்பாற்றி வந்த யூதர்களில் ஒருவரையாவது என் தம்பி நேரில் பார்த்திருக்கிறானா? கேட்டேன். அவன் வேலை முடிந்து வந்ததும், கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன். என் நாக்கு அப்படி. அவன் ஒரு வசனம் எடுத்துப் போட்டான், நான் ஒன்று போட்டேன். சீட்டாட்டம் மாதிரி நடந்தது. யாரும் ஜெயிக்கவில்லை.

நான் போனது சண்டைக்கு இல்லை. ஈஸ்டருக்குக் கூப்பிடப் போனேன்.

அப்பா அம்மா இல்லை. என் கணவர் போய் ஆறு வருஷம். மகள் கனடாவில். இந்த ஊரில் எனக்கு ரத்த உறவு என்றால் அவன் ஒருத்தன்தான். திருநெல்வேலியை விட்டு இந்தத் தெலுங்குச் சீமைக்கு வந்த இருபத்தெட்டு வருஷமாக, ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனை முடிந்ததும் என் வீட்டில்தான் எல்லோருக்கும் ஆப்பமும் ஆட்டுக்கறியும். வருஷத்தில் அந்த ஒரு காலைக்காகத்தான் நான் பெரிய சட்டியை இறக்குவேன்.

ஆப்பம் புளித்த மாவு. புரிந்தது. சரி, இடியாப்பம் பிழிகிறேன், அதில் புளிப்பு இல்லையே என்றேன். சாப்பாடு பிரச்சினை இல்லையாம். அந்த நாளே பிரச்சினையாம்.

அதற்கும் இறங்கி வந்தேன். ஈஸ்டர் வேண்டாம், நாளைக்கு உன் பஸ்காவுக்கே நான் வருகிறேன், கீழே ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.

தம்பி ஹெப்சியைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"இல்லக்கா... அது சபைக்காரங்க மட்டும் சாப்பிடுதது. வெளியாளுங்க உக்காரக் கூடாதுன்னு இருக்கு."

"நான் வெளியாளாடா?"

காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தான். அப்புறம் இந்த ஊர்க்காரர்கள் மாதிரியே தலையை ஆட்டி, "ஹவ்க்கா" என்றான். ஆமாம் என்று தமிழில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது.

காபி குடித்தேன். கிளம்பினேன். பஸ்ஸில் அழுதேன், அதை மறைப்பானேன்?

ஈஸ்டர் அன்று கோயிலிலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மனசு கேட்காமல் போன் போட்டேன். எடுத்தான்.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றேன்.

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பதில் வர வேண்டும். பேசத் தெரிந்த வயதிலிருந்து அவன் எனக்குச் சொல்லிவந்த பதில். நான் சொல்லிக்கொடுத்தது.

"அவரு என்னிக்கும் உயிரோடதானக்கா இருக்காரு. இன்னிக்கு மட்டும் என்ன?" என்றான். வைத்துவிட்டான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒவ்வொன்றிலும் சரியாக இருந்துகொண்டே ஒரு மனுஷன் கைவிட்டுப் போக முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது. அவனை இனி எதைச் சொல்லித் திருப்ப? எனக்கு வழி தெரியவில்லை. நேரம் மட்டும் நிறைய இருந்தது. வேதத்தை எடுத்து, அவன் கொண்டாடும் அந்தப் பகுதியையே வாசித்தேன்.

எகிப்திலிருந்து ஜனங்களை வெளியே நடத்திவந்தாரே அந்தத் தீர்க்கதரிசி, அவருக்கும் ஒரு அக்கா உண்டு — அவளையும் கூட்டிக்கொண்டுதான் கடலைத் தாண்டினார்.