சனிக்கிழமை சரணடைந்த கேப்டன்

புக்கிட் மேரா அடுக்குமாடியில் குடியிருக்கும் பெர்னார்டுக்கு வயது அறுபத்து மூன்று. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தோரு ஆண்டு கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாதா கோயில் பாடகர் குழுவில் அவர் குரலுக்குப் பயந்து மைக்கைச் சற்றுத் தள்ளியே வைப்பார்கள். மற்றபடி மனிதர் சாது. ஆனால் தாத்தா சூசையின் பேச்சை எடுத்துவிட்டாரென்றால், கேட்பவர் இரண்டு பஸ்ஸையாவது தவறவிட வேண்டியதுதான்.

சூசை ஜொகூர்ப் பக்கம், புலி நடமாடும் காட்டோரத்தில் மரம் வெட்டி ரப்பர்க் கன்று நட்ட முதல் கூட்டத்து ஆள். திருத்திய நிலத்தில் ஒரு சாண்கூட அவருக்குச் சொந்தமில்லை. போர்க்காலத்தில் வெள்ளைக்காரனை இந்தியாவிலிருந்து விரட்ட இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வுக்கு ஆள் சேர்த்தபோது, அந்தத் தோட்டக் குடியிருப்பிலிருந்து பதினேழு பேர் கிளம்பினார்கள். சூசையும் போனார். பர்மா எல்லையில் தோற்று, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தபடி திரும்பி வந்தார்.

அந்தத் தோட்டத்து மக்களைப் பற்றி லிட்டில் இந்தியாவில் நாடகம் போடப்போவதாகத் தமிழாசிரியை லொரைன் அறிவித்ததும், முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார் பெர்னார்ட்.

"அங்கிள், நீங்கதான் பிரிட்டிஷ் கேப்டன்," என்றாள் லொரைன்.

"நானா? ஏம்மா, நான் சூசையோட பேரன்!"

"யூனிஃபார்ம் ஆர்டர் பண்ணியாச்சு அங்கிள். பெரிய சைஸ் வந்துருச்சு. வேற யாருக்கும் சேராது லா."

வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

தோட்டத்து வீரன் வேடம் சாகுல் ஹமீதுக்குக் கிடைத்தது. சிராங்கூன் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், பெர்னார்டின் நாற்பதாண்டு நண்பர். கடைசிக் காட்சியில் கேப்டன் சுட, வீரன் வசனம் பேசியபடியே சாக வேண்டும். அந்தச் சாவை சாகுல் ஹமீது உயிரைக் கொடுத்துப் பழகினார். கடையில் சேலைக் கட்டுகளின் மேல் விழுந்து துடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே வந்த ஒரு பெண்மணி ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை மாலை அரங்கேற்றம். இருநூறு பேர். கடைசிக் கட்டத்தில் பெர்னார்ட் துப்பாக்கியை நீட்டினார். எதிரே தலையில் துண்டும் இடுப்பில் பாராங் கத்தியுமாக சாகுல் ஹமீது, மூட்டு வலியால் ஒரு காலைத் தாங்கி நின்றார். பெர்னார்டின் கை தானாக இறங்கிவிட்டது.

"சுடு லா," என்று பல்லைக் கடித்தார் சாகுல் ஹமீது.

"என்னால முடியல பாய்."

"முடியலன்னா எப்படி? நான் சாகணும்!"

இருவர் சட்டையிலும் மைக் இருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது. பெர்னார்ட் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார். "வீ சரண்டர்!"

அவருடைய மூன்று சிப்பாய்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களும் கையைத் தூக்கினார்கள். அரங்கம் அதிர்ந்தது. ஒருவர் எழுந்து நின்று விசிலடித்தார்.

சாகுல் ஹமீது கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். இனி யாரும் தன்னைச் சுடப்போவதில்லை என்று தெரிந்ததும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானாகவே விழுந்தார். "சுதந்திரம் கெடச்சிருச்சு... சந்தோஷம் தாங்கல..." என்று நான்கு நிமிடம் துடித்துச் செத்தார்.

திரைக்குப் பின்னால் லொரைன் கொதித்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், அந்தச் சண்டையில அவங்க ஜெயிக்கவே இல்ல! ஸ்டூடண்ட்ஸ் பார்க்குறாங்க, பரீட்சையில போய் எழுதி வச்சுருவாங்க!"

"தெரியும்மா. தாத்தா தோத்துத்தான் வந்தாரு." பெர்னார்ட் தொப்பியைக் கழற்றினார். "ஒரு தடவையாவது ஜெயிக்கட்டுமேன்னு தோணுச்சு."

லொரைன் அந்தத் தொப்பியை வாங்கிக்கொண்டாள். பிறகு யூனிஃபார்மைக் கழற்றித் தரச் சொன்னாள்.

ஞாயிறு காட்சிக்குக் கேப்டனாக வந்தது பெர்னார்டின் மனைவி உர்சுலா. அதுவரை எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், எட்டு ஊக்குகளால் யூனிஃபார்மை இறுக்கிக்கொண்டு மேடையேறினார். பெர்னார்டுக்குத் திரைக் கயிறு இழுக்கும் வேலை.

உர்சுலா தயங்கவே இல்லை. சாகுல் ஹமீது வசனத்தைத் தொடங்கும் முன்பே 'டுமீல்' என்று சுட்டுவிட்டார். மொத்த வசனத்தையும் செத்துக்கொண்டே பேச வேண்டியிருந்ததால், அன்றைய சாவு ஆறு நிமிடம் நீண்டது. சுட்டது தன் மனைவி, செத்தது தன் நண்பன், எல்லாம் நாடகம் என்று தெரிந்தும் பெர்னார்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணீரில் கயிறு இழுக்கவும் மறந்துபோனார். செத்த சாகுல் ஹமீதே எழுந்து வந்து திரையை மூடினார்.

யூனிஃபார்மைக் கழற்ற உர்சுலாவுக்கு மனமில்லை. அப்படியே ரயில் ஏறினார்.

"கொஞ்சம் யோசிச்சுச் சுட்டிருக்கலாம்ல?" என்றார் பெர்னார்ட்.

"யோசிச்சா நேத்து மாதிரிதான் ஆகும்."

கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். ஊக்கு குத்தும் என்று கேப்டன் உட்கார மறுத்துவிட்டார். பெர்னார்ட் அந்த இடத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நன்றாக உட்கார்ந்துகொண்டார்.