பொட்டலத்தின் படுக்கைத் துணி

என் அண்ணிக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகள், ஓட்டல் துண்டுகள் எல்லாம் அங்கேதான் வெளுக்கும். கறையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டு வருவாள்.

நாயும் அங்கே கிடைத்ததுதான். அழுக்கு மூட்டையைப் பிரித்தபோது உள்ளே சுருண்டு கிடந்ததாம். அதனால் அதன் பெயர் பொட்டலம்.

பொட்டலத்துக்கு இரவானால் அரிப்பு எடுக்கும். எங்கள் வீடு மாடியில், பலகைத் தரை. பின்னங்காலால் அது சொறிகிறபோது கால் பலகையில் பட்டு டொக் டொக்கென்று கேட்கும். கீழ்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் ஒருநாள் படியில் மறித்தார்.

"ராத்திரி பூரா கட்டில் செய்றீங்களாம்மா? எனக்கும் ஒண்ணு சேர்த்துச் செஞ்சுடுங்க."

அண்ணி அவர் எதிரில் சிரித்தாள். மாடி ஏறியதும் அந்தச் சிரிப்பைக் காணோம்.

அண்ணன் காலை முதல் பஸ்ஸை எடுக்கிற டிரைவர். போன வாரம் ஒரு நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியவன் அப்படியே தூங்கிவிட்டான். யாரோ ஓடி வருகிறார்கள் போலிருக்கிறது என்று பயணிகளும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார். இன்னொரு முறை இப்படி நடந்தால் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை அவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் பேசினான்.

"டிப்போ வாட்ச்மேன் காவலுக்கு ஒரு நாய் கேக்குறாரு. ஞாயித்துக்கிழமை காலைல வந்து கூட்டிட்டுப் போவாரு."

"அவர் கயித்துல கட்டிப் போடுவாருங்க."

"என்னை மட்டும் என்ன அவுத்தா விட்டிருக்காங்க? எனக்குத் தூங்கணும்மா. வேற ஒண்ணும் கேக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணி சண்டை போட்டிருப்பாள். கோபப்படவும் அவனிடம் தெம்பில்லை.

அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. மருந்துப் பொடி போட்டாள். சாப்பாட்டை மாற்றினாள். கால்நடை டாக்டர் முடியை விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டு, "பூச்சியே இல்லையேம்மா, ஏதோ ஒத்துக்கல" என்றார். கடைசியில் இரவெல்லாம் பக்கத்திலேயே உட்காரத் தொடங்கினாள். அது காலைத் தூக்குவதற்கு முன் காலைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் வயிற்றை இவளே மெல்லச் சொறிந்துவிடுவாள். சுவரில் தலை சாயும், கை நிற்கும், உடனே டொக்.

"சரி, சரி. எழுந்துட்டேன் மகாராஜா."

உள்ளே அண்ணன் புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும்.

இதற்கு மேல் அந்தப் படுக்கைத் துணி. தினமும் அதைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப்போய், ஆஸ்பத்திரி விரிப்புகளுக்குப் போடுகிற வெளுப்பு மருந்தில் போட்டு எடுத்து வருவாள். "பூச்சி என்ன, பூச்சியோட பாட்டிகூட அதுல இருக்க முடியாது" என்பாள். மாலையில் துணி மொடமொடவென்று வெள்ளையாக வந்து விழும். அரிப்பு கூடக் கூட மருந்தையும் கூட்டினாள்.

சனிக்கிழமை இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். சின்ன விளக்கின் கீழே அண்ணி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை நாயின் வயிற்றில் இருந்தது. நடுநடுவே அந்தக் கையை எடுத்து, மணிக்கட்டை முழங்காலில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் நாயைச் சொறிந்தாள். மணிக்கட்டில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. நாயின் வயிற்றிலும் அதே தடிப்பு.

"அண்ணி, உங்க கைக்கு என்ன?"

"இதுவா? மருந்து சரியா அலசாம தங்கிட்டா இப்படித்தான் ஆகும். அங்க எல்லார் கையும் இதே லட்சணம்தான். நீ போய்ப் படு."

"அதோட வயிறும் அப்படியேதானே இருக்கு."

அண்ணி தன் கையைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். குனிந்து அந்தத் துணியை மோந்தாள்.

"கடைசி ஈட்டுலதான் இதைப் போடுவேன். முழுசா அலசுறதுக்குள்ள வேலை முடியிற மணி அடிச்சிடும். நாய்க்குத்தானேன்னு அப்படியே காயப் போட்டு எடுத்துட்டு வந்துடுவேன்." பிறகு முணுமுணுத்தாள். "பகல்ல படியில படுத்தா சொறியறதே இல்ல. எனக்குத் தோணவே இல்ல பாரேன்."

துணியை உருவி வெளியே எறிந்தாள். வெறும் தண்ணீரால் நாயின் வயிற்றைத் துடைத்துத் துடைத்துவிட்டாள். விரிக்க, மருந்து படாத துணி ஒன்று வேண்டும். அலமாரி முழுக்கத் தேடினோம். எல்லாவற்றையும் அண்ணி சலவைக்கூடத்திலேயே வெளுத்துவிடுகிற எங்கள் வீட்டில் அப்படி ஒரு துணி ஏது? ஆணியில் தொங்கிய அண்ணனின் யூனிபார்ம் சட்டை மட்டும்தான் அழுக்காக இருந்தது. பழைய சட்டை, வீட்டில் சோப்புப் போட்டுத் துவைப்பது.

"வேர்வை நாத்தம் தாங்கல" என்றபடி அதை விரித்தாள்.

பொட்டலம் சுற்றிச் சுற்றி வந்து, அக்குள் பக்கம் மூக்கை வைத்துப் படுத்தது. சொறிந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி சொறிந்தது. அப்புறம் காலைத் தூக்கியது, பாதியிலேயே கீழே போட்டுவிட்டது. நாங்கள் இருவரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்திருந்தோம். எப்போது தூங்கினோம் என்று தெரியாது.

கண் விழித்தபோது ஞாயிற்றுக்கிழமை நண்பகல். அண்ணன் கட்டிலில் குப்புறக் கிடந்தான். அண்ணி தரையிலும் நாய் சட்டையிலும் கிடந்தார்கள். வாட்ச்மேன் ஏன் வரவில்லை என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மாலை அண்ணன்தான் சொன்னான்.

"வாட்ச்மேன் நேத்து கயித்தோட வந்திருக்காரு. கை வலிக்கக் கதவைத் தட்டினாராம். 'உள்ள ஒரு குரைப்பு இல்லப்பா. இதை நம்பி டிப்போவை விட்டா, காலைல பஸ் ஒண்ணும் மிஞ்சாது. நீயே வெச்சுக்கோ'ன்னுட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? 'தூங்கிட்டோம் அண்ணே'ன்னேன். நாளைக்குப் போட வேற சட்டை எடுத்து வை." சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான்.

அண்ணி குழாயைத் திறந்து மணிக்கட்டை அதன் கீழே நீட்டிக்கொண்டு நின்றாள். மறுநாளும் அந்தக் கைக்கு அதே மருந்துத் தொட்டிதான். குழாயடியிலிருந்து திரும்புகிறபோது, நாய்க்கு விரித்திருந்த சட்டையின் காலரைப் பார்த்தாள். கறுப்பாகக் கோடு விழுந்து, நாய் முடி அப்பியிருந்தது. குனிந்தாள். ஓரத்தை மட்டும் இழுத்து நேராக்கிவிட்டுப் போனாள்.