பூக் கேட்டுப் படித்த படிப்பு

எண்பதுகளின் கடைசியில், பிளஸ் டூ எழுதி முடித்த கோடையில், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த சித்தப்பாவின் பனியன் கம்பெனியில் என்னைச் செக்கிங் மேசையில் உட்காரவைத்தார்கள். கட்டைவிரல் நுழையும் ஓட்டையோடு நான் பாஸ் செய்த பனியன்கள் ஏராளம். என் கவனம் துணியில் இருந்தால்தானே? பக்கத்து மேசை அக்காவின் மாமியார் சண்டை, கட்டிங் மாஸ்டரின் தூக்கமின்மை எல்லாம் என் காதைத் தேடி வந்துகொண்டிருந்தன. ஆகவே காலேஜில் சமூகவியல் எடுத்து, பிறகு மனநல ஆலோசனை படிக்கப்போவதாக வீட்டில் அறிவித்தேன்.

"துணியில இருக்கிற ஓட்டையே தெரியல. மனசுல இருக்கிறது தெரியுமாக்கு இவனுக்கு?" என்றார் சித்தப்பா.

அப்பா பி.காம் என்றார். நான் மாட்டேன் என்றேன். கடைசியில் முருகனிடம் பூக் கேட்பதென்று முடிவானது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். சந்நிதியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் பி.காம், அப்புறம் ஆயுளுக்கும் கம்பெனி. சிவப்பு வந்தால் என் இஷ்டம். சாமி காரியத்தில் எவனும் தில்லுமுல்லு செய்யமாட்டான் என்ற நம்பிக்கையில், பொட்டலம் மடிக்கும் வேலையை அப்பா என்னிடமே விட்டார். இரண்டிலும் சிவப்பை வைத்து மடித்தேன்.

யார் வீட்டுக் குழந்தையோ எடுத்தது. சிவப்பு. ஆச்சரியப்பட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"எதுக்கும் இன்னொன்னையும் பிரிச்சுப் பாத்துருலாமுங்கண்ணா," என்றார் சித்தப்பா.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, முந்திக்கொண்டு அதை எடுத்தார். பொய்யே வாயில் வராதவர். அடுத்த வீட்டுக் குழம்பு வாயில் வைக்க முடியவில்லை என்றால் அவர்களிடமே போய்ச் சொல்லிவிட்டு வருவார். பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெள்ளைதான்," என்று இடுப்பில் செருகிக்கொண்டார். "சாமியே சொல்லிப்போட்டாரு. பையன் படிக்கட்டும், உடுங்க."

போன உயிர் திரும்பியது. முருகன் எனக்காகப் பூவின் நிறத்தையே மாற்றிவிட்டான் என்று நம்பினேன். நன்றிக்கடனாக மொட்டைகூடப் போட்டேன்.

கோயிலில் பொங்கல் கொடுத்தார்கள். அத்தை தொடவில்லை. "எனக்கு இன்னிக்கு விரதம் கண்ணு, நீ தின்னு," என்றார். வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. அன்று புதன்கிழமை. எங்கள் வீட்டில் எந்தச் சாமிக்கும் யாரும் புதனில் விரதம் இருந்ததில்லை. ஏன் என்று கேட்கக்கூட, மனிதர் மனத்தைப் படிக்கப் புறப்பட்ட எனக்குத் தோன்றவில்லை. அவர் பங்குப் பொங்கலையும் இலையோடு வழித்துத் தின்றேன்.