அன்று நீளமாகத் தொழுதேன்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கலகெதரயில் நான் ஒரு சிறிய ஹாட்வெயார் கடை வைத்திருந்தேன். ஐந்து நேரத் தொழுகையில் ஒன்றையும் தவறவிட மாட்டேன். ஓதுவதெல்லாம் சிறுவயதில் மத்ரஸாவில் பாடமாக்கிய அரபு. ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. தெரிய வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் கணவனை இழந்த ஒரு பெண் ஏழு வயது மகனோடு வாழ்ந்தாள். ஒருநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம், மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் ஓடி வந்தாள்.

"நானா, புள்ளக்குக் காய்ச்சல் கூடிட்டு. சத்தியெடுத்துக்கொண்டே ஈக்கிறான். கண்ணையும் தொறக்கிறான் இல்ல. ஒருக்கா வேன்ல கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்களேன்."

அந்த வாரம்தான் வேனுக்குப் புது சீட் போட்டிருந்தேன். அவள் சொன்னதில் வாந்தி என்பதை மட்டும்தான் என் மனம் பிடித்துக்கொண்டது.

"கொஞ்சம் இரிங்க தங்கச்சி, தொழுதுட்டு வாறேன்" என்று பின்னறைக்குப் போனேன்.

அவசரத்தில் நான் ஓதுவது எப்போதும் குர்ஆனின் ஒரே சூறாதான். ஏழே ஏழு சிறிய வசனங்கள். அன்று அதை மிக நிதானமாக, நிறுத்தி நிறுத்தி ஓதினேன். நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதிலும் நெடுநேரம் கிடந்தேன். நான் எழுந்து வருவதற்குள் அவள் வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பதே என் எண்ணம்.

போயிருந்தாள். அவள் ஏறிய கண்டி பஸ் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டும்போது, அவள் மடியிலேயே பிள்ளையின் உயிர் பிரிந்துவிட்டது.

மறுநாள் ஜனாஸாத் தொழுகையில் முன்வரிசையில் நின்றேன். பிள்ளையைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்க என் தோளும் போனது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு மாதம் இருக்கும். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகள் கூப்பிட்டாள். "வாப்பா, நீங்க வீட்டில மஃரிபுக்கு ஓதித் தொழ வைக்கிற சூறாதானே இது? கருத்தைப் பாடமாக்கிட்டேன், கேளுங்களே."

கேட்டேன். அன்று நான் நிறுத்தி நிறுத்தி ஓதிய அதே சூறா. தகப்பனில்லாத பிள்ளையை விரட்டுகிறவனைப் பற்றியது அது. தொழுதுகொண்டே, அடுத்தவருக்கு ஒரு சின்ன உதவியைக்கூட மறுப்பவர்களுக்கு வரும் கேட்டைப் பற்றியது.

"சரியா வாப்பா?" என்றாள்.

அடுத்த நாள் அந்தப் பெண்ணின் வாசலில் போய் நின்றேன். சீட்டைப் பற்றியும், வேண்டுமென்றே தொழுகையை நீட்டியதையும் சொன்னேன். பாக்குச் சீவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"நீங்க முடிச்சிட்டு வருவீங்க எண்டு கதவடியில நின்டேன் நானா. தொழுறவரைக் குழப்பக் கூடாதே. மொத பஸ்ஸ அதாலதான் விட்டேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே திரும்பி நடந்தேன்.

அதன் பிறகு, ஓதுகிற ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடிப் படித்தேன். தெரியாமல் ஓதிய காலத்தில் தொழுது எழும்போது ஒரு நிம்மதி இருக்கும். இன்று அது இல்லை. அந்த நிம்மதியை அல்லாஹ்விடம் திருப்பிக் கேட்கவும் எனக்கு வாய் வருவதில்லை.