உத்தனப்பள்ளி போய்வந்தேன், ஒரு மன்னிப்புக் கடிதத்தைத் தடுக்க

போன சனிக்கிழமை நான் கிளம்பியது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. உத்தனப்பள்ளி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் தங்கை கவிதாவுக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். மன்னிப்புக் கடிதம் தந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. போனில் சொன்னால் கேட்க மாட்டாள். எழுதாதே என்று நேரில் சொல்லத்தான் போனேன்.

காலை ஆறே காலுக்குச் சாமல்பட்டியில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, ஓசூரில் இறங்கியபோது ஒன்பதரை. அங்கிருந்து ராயக்கோட்டை சாலையில் இருபது கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய். சானமாவுக் காட்டருகே ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். தூரத்தில் யானைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. இருபத்தைந்து நிமிடம் நின்றோம். தாமதத்துக்கு டிப்போவில் கேள்வி கேட்க மாட்டார்களா என்றேன்.

"கேப்பாங்க, சொல்லிக்குவேன். ரோட்டப் பாக்குறவன் நான்தானுங்களே" என்றார்.

கவிதா செய்ததும் இதைத்தான். ஆறு வருடமாக டிரில்லிங் மெஷினில் நிற்கிறாள். டிரில் மழுங்கினால் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படிக் கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டாள். சூப்பர்வைசர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டுமாம். மழுங்கியது உண்மை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் மெமோ. மெஷினுக்கு மேலே 'என் இயந்திரம், என் பொறுப்பு' என்று பலகை வேறு. பொறுப்பு இவள் தலையில், பொத்தான் அவர் கையில்!

ஷிப்ட் முடிந்து இரண்டே முக்காலுக்குக் கேட்டருகே டீக்கடைக்கு வந்தாள். கடிதத்தைக் காலையிலேயே கொடுத்துவிட்டாளாம். 'இனிச் சத்தம் கேட்டாலும் நானாக நிறுத்த மாட்டேன்.' சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல எழுதிய வரி அது. கிளாஸை நான் வைத்த வேகத்தில் பாதி டீ மேஜையில் ஓடியது.

"வேற எங்க போயி மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறதுண்ணா" என்றாள்.

போன மாதம் இதே நிர்வாகம்தான், ஊழியர்களுக்கு வேலையில் ஈடுபாடு குறைகிறது என்று சமோசா கொடுத்துக் கூட்டம் நடத்தியது. எந்தப் பயிற்சியும் தராத காது அது, அவளாகச் சேர்த்தது. அதைக் கேட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு ஈடுபாட்டைத் தேடுகிறார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அந்தப் பக்கம் ஆள் பார்க்கப் போகிறவர்கள் குடை எடுத்துப்போங்கள், கேட்டருகே நிழல் கிடையாது. சானமாவு வழிக்கு அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கடிதத்தைத் தடுக்க வேண்டுமென்றால் முந்தின நாளே போய்விடுங்கள்.

புதன்கிழமை கவிதா போன் செய்தாள். மறுபடி அதே சத்தமாம். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். அவர் வருவதற்குள் பதினேழு பீஸ் வீண்.

"கை தானா பட்டன்கிட்டப் போச்சுண்ணா. இன்னொரு கையால புடிச்சுக்கிட்டேன்" என்றாள்.