பல்லக்காவுக்கு என்ன வேண்டும்?

பல் செட் செய்கிறவள் என்பதால் குடியிருப்புப் பிள்ளைகள் அவளுக்குப் ‘பல்லக்கா’ என்று பெயர் வைத்தார்கள். அது மூன்று மாடிக்கும் பரவி, தபால்காரர்கூட அப்படியே கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. முப்பத்தேழு வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. "பல்லக்கா எப்போ பல்லக்கு ஏறப் போறா?" என்று கீழ்வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். முதல் இரண்டு தடவை அவளும் சிரித்தாள்.

வேலை ஓர் இரும்புக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்த சின்ன லேபில். அவளும் முதலாளியும் மட்டும்தான். டாக்டர் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவதிலிருந்து, மெழுகில் ஈறு வைத்து, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் மெருகேற்றுவது வரை எல்லாம் அவள் கை. எத்தனை தடவை கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளைப் பொடி இருக்கும்.

அம்மா அவளோடு இருந்தாள். மாப்பிள்ளை தேடும் பொறுப்பைக் கல்யாணமாகி நாலு தெரு தள்ளி இருந்த அக்கா எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் ஆறு பேரைப் பார்த்தாயிற்று. ஆறு பேரையும் பல்லக்கா வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"உனக்கு என்னதான்டி வேணும்? அதையாவது சொல்லித் தொலை."

"நல்லவரா இருக்கணும்."

"கெட்டவரா வேணும்னு எவளாவது கேப்பாளா?"

பல்லக்கா நகக்கண்ணில் இருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

ஏழாவதாக ஒரு கட்டட இன்ஜினியர் வந்தார். அக்கா மனதில் வைத்திருந்த உயரம், படிப்பு, சொந்த வீடு எல்லாமே அவரிடம் இருந்தன. அதோடு, பல்லக்காவை விழுந்து விழுந்து சிரிக்க வைக்கவும் தெரிந்தது. அவசரப்படாமல் பேசிப் பழகிப் பார்ப்போம் என்று அவரே சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவை ஒட்டிய தேநீர்க் கடையில் சந்தித்தார்கள். மூன்று ஞாயிறும் நன்றாகத்தான் போயின. மருமகன் வந்தாகிவிட்டார் என்று அம்மா உள்ளூர முடிவே கட்டிவிட்டாள்.

நான்காவது ஞாயிறு அவள் கிளம்பும் நேரத்தில், அவசரத்துக்காகத் திறந்திருந்த லேபில் ஒரு வேலை இழுத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பல் செட், மறுநாள் காலை டாக்டரிடம் போயாக வேண்டும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நீலத்தாளை வைத்துக் கடிப்பு பார்த்தால் இடது பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. டாக்டர் அந்த டீச்சர் வாயில் வைத்துப் பார்த்து ராவிக்கொள்வார், நீ போம்மா என்றார் முதலாளி. அவளுக்குக் கால் நகரவில்லை. பின்பற்கள் நான்கையும் எடுத்து, மெழுகை இளக்கி, மறுபடி நிறுத்திவிட்டு ஓடினாள். இரண்டு மணி நேரம் தாமதம்.

இன்ஜினியர் முகம் சுளிக்கவில்லை. ஒரே செய்தித்தாளை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை படித்து முடித்திருந்தார். காரணத்தைக் கேட்டுவிட்டு, அக்கறையாகவே சொன்னார்.

"அரை மில்லிமீட்டருக்கா இவ்வளவு கஷ்டப்பட்டீங்க? யாருக்குத் தெரியப் போகுது? எங்க வேலையில அரை இஞ்சே கணக்கில்லீங்க."

அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது ‘யாருக்குத் தெரியப் போகுது’ என்ற அந்தப் பேச்சு தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. கெட்ட வார்த்தை இல்லை, ஊரில் எல்லோரும் சொல்வதுதான். அப்புறம் ஏன் உறுத்துகிறது?

அந்த வாரம் முழுக்க அவள் கை மெழுகில் இருந்தது, மனம் பழைய ஆறு பேரிடம் இருந்தது. ஒருவர், அண்ணன் பிள்ளையின் பள்ளி இடத்துக்காகப் பொய் விலாசம் கொடுத்ததைச் சாமர்த்தியம் போலச் சொன்னவர். இன்னொருவர், ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவைத் தம்பி பார்த்துக்கொண்டான் என்று நிம்மதியாகச் சொன்னவர். மூன்றாமவரை மட்டும் குள்ளம் என்று தள்ளியிருந்தாள். நினைக்க வெட்கமாக இருந்தது. அந்த அளவுகோல் அவளுடையதே இல்லை, அக்காவிடம் இரவல் வாங்கியது.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. யாரும் பார்க்காத இடத்திலும் காரியத்தை ஒழுங்காகச் செய்கிற ஆள் வேண்டும். அம்மா கூடவே இருக்க வேண்டும். கடமைக்காக அல்ல, அவளுக்கே அது பிடித்திருந்தது. வீட்டில் சிரிப்பு வேண்டும். அம்மா கூட இருக்கட்டும் என்று முதலிலேயே சொன்ன இன்ஜினியரிடம் மூன்றில் இரண்டு இருந்தன. அதனால்தான் வலித்தது.

மறு ஞாயிறு சுற்றி வளைக்காமல் அவரிடமே சொன்னாள். அவர் டம்ளரைச் சுழற்றி மீதித் தேநீரைக் குடித்து முடித்தார்.

"உண்மையைச் சொல்லணும்னா நான் அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க. வேலை முடிஞ்சா எனக்குப் போதும். உங்ககூட இருந்தா தினமும் பரீட்சை எழுதற மாதிரி இருக்கும்."

ஒளிக்காமல் அவர் பேசியதில் அவளுக்கு அவர்மேல் மரியாதை கூடியது. நல்லபடியாகவே பிரிந்தார்கள். அக்காதான் ஒரு மாதம் பேசவில்லை.

இதற்கிடையில் ஒரு பெரிய லேபிலிருந்து ஆள் அனுப்பினார்கள். குளிர்சாதன அறை, இரட்டைச் சம்பளம். அங்கே அவள் மெழுகு வேலை மட்டும் செய்தால் போதும். இப்போதைய லேபில் நடப்பதுபோல, நான் செய்த பல்லைப் போட்டவர்கள் நேரில் வந்து பேசுவதைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். அதெல்லாம் கிளினிக் வேலை என்றார் மேலாளர், கேள்வி புரியாமல். முன்பென்றால் ஒரு வாரம் தூக்கம் கெட்டிருக்கும். அன்று மாலையே வரவில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டாள்.

மழைக்காலத்தில் லேப் ஜன்னல் உடைந்தது. கண்ணாடி போட ஒருவர் வந்தார். நாற்பது வயது, விவாகரத்து ஆனவர் என்று பின்னால் தெரிந்தது. மாட்டிவிட்டுப் போனவர் மறுநாள் தானாகவே வந்து நின்றார். வெளிப்பக்கம் மேல் மூலையில் கண்ணாடியை ஒட்டும் பட்டி சரியாக அமுங்கவில்லையோ என்று சந்தேகமாம். தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியாத மூலை அது. ஏணி போட்டு ஏறி, சுரண்டி, மறுபடி பூசினார். பல்லக்கா பல்லை ராவுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேநீர் கொடுத்து அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள். பிறகு சில ஞாயிறுகள் போயின. அவர் நகைச்சுவையைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு அதற்கு விளக்கமும் அவரே சொல்வார். அம்மாவுக்கு அந்த விளக்கம்தான் சிரிப்பு மூட்டியது. மூன்றாவது விஷயமான சிரிப்பு இப்படிப் பின்வாசல் வழியாக வந்தாலும் போதும் என்று அவள் தீர்மானித்தாள். தனக்கு வேண்டியதையெல்லாம் அவரிடம் சொன்னபோது அவர் தலையாட்டினார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க. கோவம்னா வாயைத் திறந்து சொல்லிடணும். பேசாம இருந்தா எனக்கு விளங்காது. அப்படித்தான் ஒரு தடவை எல்லாம் போச்சு."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம் வந்தால் மூன்று நாள் மௌனம் அவளுடைய பரம்பரைச் சொத்து. முயற்சி செய்கிறேன் என்று மட்டும் சொன்னாள், சத்தியம் செய்யவில்லை.

கல்யாணமாகி நாலு மாதம் இருக்கும். அவள் துவைத்து மடித்து வைத்த துணிமேல் அவர் பட்டி வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார். காலையெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள், மூடி வைத்துவிட்டுப் போன் போட்டாள்.

"நான் கோவமா இருக்கேன்."

"சரி. எதுக்கு?"

ஏணியில் நின்றபடியே அவர் கேட்டார். அவள் துணியில் ஆரம்பித்தாள். போன வாரத்துக் குடை, நேற்று அணைக்காத விளக்கு என்று அது எங்கெங்கோ போயிற்று. நடுவில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் மனம் லேசாயிற்று. பசி எடுத்தது.