இடமில்லை என்றது கம்ப்யூட்டர்

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சுசீலாபாய், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். பார்வையற்றவர்களுக்காகக் கதைப் புத்தகங்களை வாசித்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதில் அவளுடைய பொழுது போனது. அன்று பாதிக் கதையில், இடமில்லை என்று பதிவு நின்றுவிட்டது. பாறசாலையில் இருக்கும் தம்பி அனிலுக்குப் போன் போட்டாள்.

"விண்டோஸ் போல்டருக்குள்ள போய் கையால ஒண்ணும் அழிக்காண்டாம், கேட்டோ," என்றான் அனில். "செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் எடுங்க. பழைய அப்டேட்டுக்கு மட்டும் டிக் போடுங்க. டவுன்லோட்ஸ்ல டிக் இருந்தா எடுத்திருங்க, இல்லேன்னா உங்க ஃபைலும் போயிரும்."

"பின்ன அந்தப் பழையது வேணும்னா?"

"திரும்பக் கிட்டாது. மெஷின் நல்லா ஓடுதுல்லா? பின்ன அது எதுக்கு?"

அவள் டிக் போட்டு, அழிக்கும் பட்டனை அழுத்தினாள். போனில் குக்கர் விசிலடித்தது. பிள்ளைகள் சண்டை போட்டார்கள். அனிலின் மனைவி ஜெயஷீலா அவர்களை அதட்டினாள்.

"இன்னைக்கு என்ன கறி?" என்று கேட்டாள் சுசீலாபாய்.

"மரச்சீனிக் கிழங்கும் மீனும். அக்கா, கம்ப்யூட்டர் அழிச்சுத் தீர நேரமாகும். நடுவுல ஆஃப் செய்யாண்டாம். நான் போனை வைக்கட்டா?"

"செரி, வை."

வேலை முடிந்தபோது நிறைய இடம் காலியாகியிருந்தது. சரியாகிவிட்டது என்று அனிலுக்கு எழுதினாள். அவன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். வேறு ஏதாவது வருமா என்று கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தெருச் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். கதையில் ஒரு குடும்பமே பேசியது. அத்தனை பேருக்கும் அவள்தான் குரல் கொடுத்தாள்.